முதல் பத்துப் பக்கம்

பஃபலோ,
4 மார்ச் 1996

மதிப்புக்குரிய இலக்கிய முகவர் ரோடா லிண்ட்குவிஸ்ட் அவர்களுக்கு,

முகவரைப் பெயர் சொல்லி விளிக்க வேண்டும், ஒரே பக்கத்தில் முடிக்க வேண்டும், அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது, நாவல் அனுப்புகிறவர்களுக்கு உங்கள் அலுவலகம் தரும் விதித்தாள். பெயர் தெரியும், பதினொரு வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியவன். காரணம்: என்னால் ஒரு நாவலை முடிக்கவே முடியாது என்று விவாகரத்து மனுவில்கூட எழுதியவர் நீங்கள்தான். முடித்துவிட்டேன். பிராங்க்பர்ட் புத்தகச் சந்தையில் மகள் அடுத்தவர் எழுதியதை விற்கிறாள். இங்கே சாகக் கிடக்கும் அவள் தாய்க்கு மருமகன் சூப் ஊட்டுகிறான். அதுதான் கதை. முதல் பத்துப் பக்கமும், தபால்தலை ஒட்டிய பதில் உறையும் இத்துடன்.

தங்கள் உண்மையுள்ள,
கிளெமென்ட் வாஸ்

நியூயார்க்,
8 மார்ச்

கிளெமென்ட்,

பழைய வன்மத்தைத் தீர்க்க முகவரைத் தேடாதே என்று விதித்தாளில் நாங்கள் போடவில்லை. புத்தியுள்ளவர்களுக்கு அது தெரியும் என்று நினைத்தோம். போன் செய்யாதே என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. நீ இரண்டு தடவை என் அலுவலகத்தைக் கூப்பிட்டு, "அந்தம்மா படிச்சாச்சா, அழுதாச்சா?" என்று கேட்டாயாம்.

படித்தேன். அழவில்லை. உன் கதையில் அம்மா ஞாயிற்றுக்கிழமை விழுகிறாள். நிஜத்தில் என் அம்மா விழுந்ததை நீ எனக்குச் சொன்னது புதன்கிழமை. "இன்னைக்குக் காலையிலதான் விழுந்தாங்க" என்றாய். நான் வந்து இறங்குமுன் போய்விட்டாள். ஞாயிறு என்பது கற்பனையா?

ரோடா

பஃபலோ,
11 மார்ச்

ரோடா,

கற்பனை இல்லை.

"அவளைக் கூப்பிடாதப்பா. வருஷத்துக்கு ஒரு சந்தை. போட்டது போட்டபடி ஓடி வந்துருவா" என்றார் உன் அம்மா. நான் கூப்பிடவில்லை. அவர் சொன்னதால் மட்டும் இல்லை. நீ வந்து நின்றால் அந்த வீட்டில் நான் மறுபடி ஒன்றுக்கும் உதவாதவன் ஆகிவிடுவேன். அந்த மூன்று நாள் அவருக்கு நான் வேண்டியிருந்தேன். இதை நாவலில் எழுதவில்லை.

மீதி முந்நூறு பக்கத்தை அனுப்பட்டுமா?

கிளெமென்ட்

நியூயார்க்,
15 மார்ச்

கிளெமென்ட்,

ஆறு வருஷமாக, ஒரு விமானம் முன்னால் பிடித்திருந்தால் பார்த்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் இருந்திருக்கிறது.

வேறு முகவர்கள் நால்வரின் பெயர் இத்துடன் உள்ள தாளில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுது. என் பெயரைச் சொல்லாதே.

முந்நூறு பக்கம் எனக்கு வேண்டாம். அந்த மூன்று நாளை மட்டும் எழுதி அனுப்பு. என்ன சாப்பிட்டாள், என்ன பேசினாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நடை நன்றாக இருக்க வேண்டியதில்லை. அதன் பிறகு எனக்கு எழுதாதே.

ரோடா