தொட்டிக்குள் இருந்த திருடன்

ஏங்க,

நம்ம படகு வீட்டுல வெந்நீர் பாதிக் குளியல்லயே தீர்ந்துபோகுதுன்னு நேத்து ஒருத்தரை ஒருத்தர் திருடனாக்கினோமே, அந்தத் திருடன் மேஜை மேல கிண்ணத்துல இருக்கான். ஹீட்டரை வடிச்சு, வினிகர் ஊத்தி ஊறவச்சுக் கழுவினேன். ஹீட்டர் தொட்டியில பாதியைத் தண்ணியில படிஞ்ச உப்புப் பொருக்கே அடைச்சிட்டிருந்திருக்கு!

வினிகர் வாடை போக இன்னொரு தடவை அலசிட்டு, தொட்டியை நிரப்பிடுங்க. வெந்நீர்க் குழாய் காத்தைத் துப்பாம ஒழுங்கா ஊத்தினப்புறம்தான் சுவிட்சைப் போடணும். காலித் தொட்டியில போட்டா சூடேத்துற கம்பி கருகிடும்.

முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன். என் மேல உள்ள கோபத்தை அதுமேல காட்டாதீங்க. வேலை முடிஞ்சதும் நேரா வந்துடறேன்.

பி.கு.: இதைப் படிக்கிறதுக்கு முன்னாடியே சுவிட்சைத் தட்டிட்டு முழிச்சிருப்பீங்க, தெரியும். ஹீட்டரோட ஃபியூஸைக் கழட்டி என் பையில வச்சிருக்கேன். முதல் குளியல் என்னுது!