பூக்கட்டு வீட்டுப் பால்

ஆடி 2, வியாழன்

காலையிலிருந்து மேகம். கோயில் மலைமேல் மட்டும் தூறியிருக்கும் போல, படிகள் கறுத்துத் தெரிகின்றன. இங்கே ஒரு பொட்டு இல்லை. கொடி நிறையக் குட்டியின் ஈரத்துணி. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னா தனம், வண்ணாந்துறை வச்சிகினு கீறியா?" ஆமாம், வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நன்றாகக் குடிக்கிற பிள்ளை நன்றாக நனைக்கும். இரண்டு மாதக் குழந்தை என்று யாரும் சொல்வதில்லை, நாலு மாதம் என்கிறார்கள். தொடையில் மடிப்பு விழுந்திருக்கிறது. கண் படும் என்று எழுதக்கூடாது, ஆனாலும் எழுதுகிறேன்.

மாலை, பள்ளிப்பட்டிலிருந்து கரியில் ஓடுகிற பஸ்ஸில் என் நைனா, அப்பா, கொடுத்தனுப்பிய மூட்டை. யுத்தம் முடிந்தும் துணிக்கு இன்னும் கூப்பன்தான், நெய்கிறவர் வீட்டிலேயே நூல் இல்லை. தறியில் மிச்சம் விழுந்த துண்டுகளைச் சேர்த்து, கஞ்சி போகத் துவைத்து, கல்லில் அடித்து, கன்னத்தில் வைத்தால் உறுத்தாதபடி ஆக்கி அனுப்பியிருக்கிறார். எதற்கு என்று சொல்லவில்லை. கொண்டுவந்த ஆளிடம், "தனத்துக்குத் தேவைப்படும்னு சொல்லு, அவ புரிஞ்சிக்குவா" என்றாராம். அம்மா இருந்தால் பிரசவம் அங்கே நடந்திருக்கும், இந்தத் துணியை அவள் கிழித்துக் கொடுத்திருப்பாள். நைனா வெட்கப்பட்டுக்கொண்டே அந்த வேலையையும் செய்துவிட்டார்.

நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தேன். ஒரு வேளைக்கு இரண்டு துணி. குட்டி இந்தப் பக்கம் குடித்தால் அந்தப் பக்கம் தானாக ஒழுகுகிறது. இந்தப் பெருமாட்டிக்குப் பால் அதிகம்.

ஆடி 3, வெள்ளி

வெயில். பூக்கடைக்கு இவர் விடியலிலேயே போய்விட்டார். அடுத்த பிள்ளைக்குள் மறந்துவிடும், அதனால் குறித்து வைக்கிறேன்.

பால் கொடுக்க உதவியவை:
நைனா துணி. முதல் இடம் அதற்குத்தான்.
முன்முடிச்சு ரவிக்கை. ஒரு கையால் அவிழ்க்கலாம். பட்டணத்துப் பின்கொக்கி ரவிக்கை வேண்டவே வேண்டாம்.
இலவம்பஞ்சுத் தலையணை, மடியில். அது வருவதற்கு முன் முதுகு விட்டுப்போயிற்று.
கை எட்டுகிற இடத்தில் சொம்பு நிறைய வெந்நீர். குட்டி வாய் வைத்ததும் எனக்குத் தாகம். எழுந்து போய்க் குடிக்க முடியாது.
தேங்காய் எண்ணெய், காம்பு வெடித்த நாட்களில். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தேன். யாரும் முன்னால் சொல்லவில்லை இவ்வளவு வலிக்கும் என்று.
பூண்டும் பனைவெல்லமும்.

உதவாதது: வெள்ளிப் பாலாடை. பார்க்க அழகு. விளக்கெண்ணெய் புகட்ட மட்டும் ஆகிறது.

சுறாப்புட்டு தின்றால் பால் கூடும் என்கிறார்கள். இவர் கிருத்திகைக்குச் சாமிப் பூ கட்டுகிற வரை வீட்டில் கவுச்சி கிடையாது. போகட்டும், இப்போதே வழிகிறது.

ஆடி 5, ஞாயிறு

காலை ரயிலில் சரசு அக்கா வந்தாள். இவருடைய அக்கா, பட்டணத்தில் வாழ்கிறாள். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைப் பூவேலைக்கு வந்துவிடுவாள். கையில் பால்மாவு டின், பெரியது. படகு போன்ற கண்ணாடிப் புட்டி, அதற்கு ரப்பர். இந்தக் காலத்தில் டின் கிடைக்கிற காரியமா, யார் யார் காலையோ பிடித்திருக்கிறாள்.

"எனக்குப் பால் நல்லாத்தான் கீதுக்கா" என்றேன்.

"இப்போ கீது. நிக்காது தனம். நம்ம வூட்டு ராசி அது. எங்கம்மாவுக்கு நிக்கல. எனக்கும் இந்த வூட்லதான் பிரசவம், மூணாம் மாசமே வத்திப்போச்சி. என் மாமியா இன்னி வரிக்கும் சொல்லிக்காட்டிகினு கீறா."

அவள் மகன் இப்போது ஐந்தாம் வகுப்பு. இன்னும் சொல்லிக்காட்டுகிறாளாம். அக்கா மேல் கோபம் வரவில்லை, அந்த மாமியார் மேல் வந்தது. ஆனால் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: ராசி உங்கள் வீட்டுக்கு. நான் பள்ளிப்பட்டு நெசவுக்காரர் மகள். டின்னை அலமாரி மேல் ஏற்றி வைத்தேன்.

மாலை, காவடிப் பூவேலை ஆரம்பம். கூடை கூடையாக மல்லி, வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. சாமிப் பூ தரையில் படக்கூடாது. ஆணி, கொடி எல்லாம் நிறைந்துவிட்டது. இந்த வீட்டு வழக்கப்படி, கட்டின சரத்தைக் கழுத்தில் போட்டு, மார்மேல் தொங்கவிட்டு, நுனியில் மேலும் கட்டிக்கொண்டே போக வேண்டும். வாடாமல் இருக்க மேலே ஈரத்துணி. எனக்கு இது முதல் வருஷம், போன ஆடிக்கு நான் பள்ளிப்பட்டில். வேகத்தில் அக்காவையே மிஞ்சிவிட்டேன். இவர் வந்து பார்த்து, "உற்சவர் மாதிரி கீற" என்றார். சொல்லிவிட்டு எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார்.

ஆடி 7, செவ்வாய்

காற்று. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை பூ. நெஞ்சு ஜில்லென்று இருக்கிறது. மார்புத் துணி அதிகம் நனையவில்லை, ஒன்றே போதுமாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. குட்டி மட்டும் சிடுசிடு. மல்லி வாசனை அதிகமோ?

ஆடி 8, புதன்

புழுக்கம். கொடி பாதி காலி. பக்கத்து வீட்டம்மா கொடியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குட்டி குடிக்கிறாள், விடுகிறாள், அழுகிறாள், மறுபடி தேடுகிறாள். இரண்டு பக்கமும் தொளதொள. முருங்கைக்கீரை, பூண்டுக் குழம்பு, வெந்தயக் கஞ்சி எல்லாம் ஆயிற்று. அக்கா எழுந்து போனாள். கொல்லையில் அடுப்பு மூட்டி அந்தப் படகுப் புட்டியைக் கொதிநீரில் போட்டாள். அந்தச் சத்தம் கேட்டு எனக்கு அழுகை வந்தது.

ஆடி 9, வியாழன்

குட்டியின் அழுகை மாறிவிட்டது. கத்துவதில்லை, முனகுகிறாள். அது இன்னும் மோசம். தொடை மடிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

இவர் டின்னை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "உன் மேல குத்தம்னு யார் சொன்னாங்க? பிள்ளை பசியா கீதே தனம்." நாளைச் சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் திறப்பது என்று பேச்சு. சரி என்றேன். கொடுக்க மாட்டேன் என்று பிள்ளையைப் பட்டினி போட நான் ராட்சசியா. ஆனால் வாய் சொன்னதை மனசு ஒப்பவில்லை. போன வாரம் எழுதியதைப் படித்தேன். பெருமாட்டியாம்.

பூ நிற்கவில்லை. கிருத்திகை காத்திருக்குமா. குட்டியை அக்கா தோளில் போட்டுவிட்டு இன்றும் கட்டினேன், கழுத்து கொள்ளாத சரம்.

ஆடி 10, வெள்ளி

எதிலிருந்து ஆரம்பிப்பது.

காலை, வெயில் ஏறின நேரம், வாசலில் முனெம்மா. எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி, சரசு அக்காவுக்கும் அவள்தான். பேச்சில் தெலுங்கு வாடை அடிக்கும். கே.ஜி.கண்டிகையிலிருந்து நடந்தே வந்திருந்தாள், முழங்கால் வரை புழுதி. கடையில் மல்லி எல்லாம் காவடிக்கு என்று இவர் சொல்லிவிட்டாராம். வீட்டில் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள்.

"எதுக்கு ஆயா?"

"கண்டிகைல ஒரு பொண்ணு. தலைப்பிரசவம். பிள்ள தங்கல. பால் கட்டிகினு துடிக்கிறா. மல்லி வச்சிக் கட்டணும்."

அப்புறம்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ இன்னாத்துக்குக் கட்டிகினு கீற? உம் பிள்ள நல்லாத்தானே கீது?"

எனக்குப் புரியவில்லை. பூ வேலை ஆயா என்றேன். அவள் திகைத்துப்போய், "பால் வத்தறதுக்குத்தானேம்மா மல்லிய மார்மேல வச்சிக் கட்றது. ரெண்டு மூணு நாள்ல வத்திடும். இது தெரியாதா உங்களுக்கு? பூக்காரங்க வூட்ல?"

தெரியாது. யார் சொல்வார்கள். பால் வற்ற வேண்டும் என்று பூ வாங்க வருகிறவர்கள் கடையில் இவரிடம் காரணம் சொல்லியா வாங்குவார்கள், எந்த வீட்டில் பிள்ளை போயிற்று என்றா.

பின்னால் அக்கா. கையில் புட்டி. "எனக்கு ஏன் ஆயா சொல்லல?" என்றாள்.

"பிள்ள பொறந்து பத்து நாள் தண்ணி ஊத்தற வரிக்கும்தான் நான் வருவேன். தீட்டு வூட்ல பூ ஏதும்மா? அதுக்கு அப்பால நீங்க எப்படிப் பூ கட்றீங்கன்னு நான் எங்க கண்டேன்?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அப்போ எம்மேல குத்தம் இல்லியா ஆயா" என்றாள். சின்னப் பெண் கேட்பது போலக் கேட்டாள். முனெம்மா, "ஒரு குத்தமும் இல்லம்மா, ஆங்" என்று அவள் தலையைத் தடவினாள்.

அக்காவின் அம்மா, என் அத்தை, அவளும் இந்த வீட்டில் பிறந்தவள் இல்லையே. வெளியிலிருந்து மருமகளாக வந்தவள்தானே. ராசி என்றால் அவளுக்கு எப்படி ஒட்டும்? ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பிறகு அக்கா எழுந்தாள். என் கழுத்திலிருந்த சரம் முழுவதையும் கழற்றி, ஈரத்துணியோடு சுருட்டி முனெம்மா கையில் கொடுத்தாள். காவடிப் பூ அது, முருகனுக்கு என்று கட்டியது. "சாமிக்கு வேற கட்டிக்கலாம். அந்தப் பொண்ணுக்கு எடுத்துகினு போ" என்றாள். அந்தக் கண்டிகைப் பெண்ணை நினைத்தேன். என் மார்மேல் கிடந்த பூ அவள் மேல் கிடக்கும். முகம் தெரியாதவளுக்காக அழுதேன், அழுதுகொண்டே குட்டியை வாங்கி மடியில் போட்டேன்.

டின் திறக்கவில்லை. அக்காவே அலமாரி மேல் திரும்ப வைத்தாள்.

ஆடி 11, சனி

மல்லி முழுவதும் கடைக்கொட்டகைக்கு. இவர் கூடை தூக்கித் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சாமந்தி மட்டும், அதுவும் மேடை போட்டு அதன் மேல் சரம். மார்மேல் ஒன்றும் இல்லை. குட்டி அசைந்தால் கொடுக்கிறேன், அசையாவிட்டாலும் கொடுக்கிறேன். பால் வருகிறதோ இல்லையோ, வாயை எடுக்க விடுவதில்லை. பிடிவாதத்தில் அவள் என்னைப் போல.

ஆடி 12, ஞாயிறு

தூறல். மத்தியானம் குட்டி குடிக்கும்போது மடக் மடக் என்று தொண்டைச் சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். உண்மைதான். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன், இரண்டு பேரும் குட்டி வாயருகே காதை வைத்துக்கொண்டு பைத்தியங்கள் மாதிரி.

கொடியில் ஏழெட்டுத் துணி. மழையில் காயாது. காயாவிட்டால் என்ன.

இவருக்கு வாயில் எதுவும் நிற்காது. கடையில் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வூட்ல பால் திரும்பி வந்திடுச்சி" என்கிறாராம். பசு வாங்கினவர் மாதிரி. அடுத்த தெருவிலிருந்து ஒரு அம்மாள் வந்து விசாரித்துவிட்டுப் போனாள். மானம் போயிற்று. கொஞ்சம் சந்தோஷமும்தான், மறைப்பானேன்.

பட்டியலில் சேர்க்க வேண்டியது: பால் கொடுக்கிறவள் மல்லி கட்டுகிற வேலைக்கு உட்காரக்கூடாது. இந்த வீட்டில் இனி யாரும். குட்டியும், நாளைக்கு அவள் பெற்றால்.

ஆடி 13, திங்கள்

ரயிலும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் ஜனத்தைக் கொட்டுகின்றன. எங்கும் மஞ்சள் துணி. அக்கா டின்னைத் திறந்துவிட்டாள். நடந்து வந்த காவடிக்காரர்களுக்குக் காப்பி. பட்டணத்துப் பால்மாவு, நல்ல காப்பி. நானும் ஒரு லோட்டா குடித்தேன்.

இப்போது மல்லிச் சரம் எல்லாம் அக்கா கழுத்தில். பாடிக்கொண்டே கட்டுகிறாள். அவள் பாடி நான் கேட்டதில்லை. ஊருக்குப் போனதும் மாமியாரிடம் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சொல்லிப் பார்த்துவிட்டு, "இல்ல, இது வாணாம், சாந்தமா சொல்லணும்" என்கிறாள்.

ஆடி 14, செவ்வாய், கிருத்திகை

வெயில். அரோகராவில் காது அடைத்துவிட்டது. இவருக்கு ஆள் போதவில்லை, குட்டியைத் தூங்கவைத்துப் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டு நானும் அக்காவும் கடைக்குப் போனோம். நான் சாமந்திப் பக்கம், அவள் மல்லிப் பக்கம். அவசரத்தில் நைனா துணி வைத்துக்கொள்ள மறந்தேன்.

கடை முன்னால் நெரிசல். கூட்டத்தில் யாருடையதோ ஒரு கைக்குழந்தை, பசித்து வீரிட்டது. என் குட்டி இல்லை. இருந்தும் எனக்கு மார் குறுகுறுத்தது, கட்டுப்படுத்துவதற்குள் இரண்டு பக்கமும் குப்பென்று இறங்கி ரவிக்கை நனைந்து சேலையிலும் வட்டமாகப் படர்ந்துவிட்டது. எதிரே மாலைக்குக் கை நீட்டினபடி காவடிக்காரர்கள், அவர்களுடைய பெண்டாட்டிகள், இவர், எல்லாரும். ஒரு கிழவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா மல்லிக்கு நடுவிலிருந்து, முந்தானையை இழுத்து மூடு என்று சாடை காட்டினாள். பிறகு அவளே, வேண்டாம் வேண்டாம், பார்க்கட்டும், அப்படியே இரு என்று கையை ஆட்டினாள்.