பகலில் வந்த உம்மா

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விடுமுறை. கண்டியில் இந்த மென்பொருள் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்குப் பகலில் ஓய்வு கிடைப்பதே அபூர்வம். மகள் ஹனாவைச் சந்தோஷப்படுத்தலாம் என்று கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறிப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். தினமும் அவளைக் கூட்டிவருவது ஆட்டோக்காரர்தான்.

சிநேகிதிகளோடு சிரித்தபடி வந்தவள் என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போனது.

"உம்மா, யாரு மவுத்து?"

"யாருமில்ல மகள். சும்மாதான் வந்த."

"அப்ப வாப்பாக்கு என்ன?"

கடைசியாக நான் பகலில் அங்கே போனது என் வாப்பா இறந்த அன்று, அவளைக் கூட்டிவர. எட்டு வயதுப் பிள்ளை அதை மறக்கவில்லை.

ஐஸ்கிறீம் வேண்டாம் என்றாள். நான் சொன்ன எதையும் நம்பவில்லை. கடையில் இருந்த கணவருக்குக் கோல் எடுத்து போனை அவளிடம் கொடுத்தேன். அவர் குரலைக் கேட்ட பிறகுதான் அழுதாள்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "இனி ஸ்கூலுக்கு வர வேணாம் உம்மா. பயமா இரிக்கி."

சரி மகள், வர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றுவது எனக்குச் சிரமமே இல்லை.