உப்பில்லாத சாம்பார்

அன்புள்ள அப்பாவுக்கு அபிநயா வணங்கி எழுதுவது. கால்வலி குறைந்ததா? இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதி, படம் எடுத்து அண்ணியின் போனுக்கு அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் நர்ஸ் விடுதியில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டார்கள். எல்லோரும் சமையல்காரரோடு சண்டை போட்டார்கள். நான் மட்டும் மறுபடி வாங்கிச் சாப்பிட்டேன். "இன்னாம்மா, உப்பே இல்ல, நீ பாட்டுக்கு துன்னுக்கினு இருக்க?" என்று சமையல்காரரே கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றே பரிசோதித்தார்கள், கொரோனாதான். தனி அறையில் இருக்கிறேன். மூச்சுக்குக் குறையில்லை, பயப்படாதீர்கள்.

பிரஷருக்காக டாக்டர் கெஞ்சியும் உப்பை விடாத நீங்கள், எனக்கு நோய் அண்டக்கூடாதென்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு உப்பையே விட்டுவிட்டீர்கள். நேற்று உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டே போனில் என்னை விசாரித்தீர்கள். நான் "நல்லா இருக்கேன்பா" என்று பொய் சொன்னேன். அதுதான் உறுத்துகிறது. அம்மன் கைவிடவில்லை அப்பா, லேசாகத்தான் வந்திருக்கிறது.

நம் சங்கராபுரத்திலிருந்து இங்கே வரும் காய்கறி லாரியில் உங்கள் துண்டு ஒன்றைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். அதன் வாசனை தெரிந்தால் குணமாகிவிட்டதென்று தெரிந்துகொள்வேன்.

சாப்பாடு வந்துவிட்டது. நீங்களும் போய்ச் சாப்பிடுங்கள். இப்போது நம் இரண்டு பேருக்கும் ஒரே ருசிதான்.

உங்கள் மகள்
அபிநயா