கேஜ் என்னிடம்தான் இருக்கிறது, ஜமால்

என் ஜமால் மச்சானுக்கு,

உன் வீட்டுக்குப் போக எங்கள் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். இரண்டு போட்டை விட்டுவிட்டேன். டிக்கெட் கொடுப்பவர், "கியா பாய், ஜானா நஹி?" என்று கேட்டேவிட்டார். போகத்தான் வேண்டும். கால்தான் எழ மாட்டேன் என்கிறது.

உன் பைக்கை நஸீமா ஓட்டப் போகிறாள். ஆமாம், உன் மனைவி நஸீமாவேதான். குட்வில் எஸ்டேட் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வண்டியை மெக்கானிக்கிடம் கொடுத்து நேராக்கிவிட்டாள். நாளையிலிருந்து அதில்தான் உன் கடைக்குப் போவாளாம். நேற்று எனக்கு போன் செய்தாள்.

"அண்ணே, டயர்ல காத்து எவ்ளோ வைக்கணும்? ஸ்டிக்கர்ல ஒண்ணும் தெரியல, உப்புக்காத்து தின்னுடுச்சு. நான் மட்டும் போனா எவ்ளோ, புள்ளயும் பின்னாடி ஏறினா எவ்ளோ? காத்து அளக்குற அவங்க கேஜை வேற காணோம். வீடு பூரா தேடிட்டேன்."

"டீக் ஹை, நாளைக்கு நேர்ல வந்து சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டேன். சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

காலையில் வண்டியை எடுக்குமுன் நீ குந்தி உட்கார்ந்து டயரில் கேஜை வைப்பாய். "வண்டிக்கு பிபி பாக்குறீங்களா டாக்டர்?" என்று கிண்டல் செய்வேன். ஓடின டயர் சூட்டில் கூடுதலாகக் காட்டும், ஆறின டயரில்தான் பார்க்க வேண்டும் என்பாய். முன்னால் இருபத்தைந்து. பின்னால் ஒருவருக்கு இருபத்தெட்டு, இருவர் என்றால் முப்பத்திரண்டு. எனக்கு மனப்பாடம்.

மனப்பாடமாக இருந்து என்ன? என் வீட்டுத் தரைக்கு சிமெண்ட் ஏற்ற உன் வண்டியை இரவல் வாங்கினேன், கேஜையும் சேர்த்து. இரண்டு மூட்டைக்கு டயர் அமுங்குகிறது என்று பின்னால் நாற்பது அடித்தேன். மறுநாள் முறையாகப் பெட்ரோல் நிரப்பி, சிமெண்ட் தூசி போகக் கழுவிக் கொண்டுவந்தேன். இரவல் வண்டியைத் திருப்பித் தரும்போது நம் ஊரில் அதுதான் மரியாதை. காற்றை இறக்க மறந்துபோனேன்.

மறந்ததுகூடப் பரவாயில்லை. நீ கேட்டாயே! உன் கடைவாசலில் சாவியை வாங்கும்போதே, "காத்து எறக்கிட்டியா மச்சான்? கேஜ் எங்க?" என்றாய்.

"அதெல்லாம் சரியா இருக்குடா. கேஜ் வீட்ல இருக்கு, நாளைக்குத் தரேன்."

கேஜ் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்தால் அளப்பாய், அளந்தால் திட்டுவாய். எனக்கு போட்டைப் பிடிக்கும் அவசரம்.

அன்று சாயங்காலம் மழை. வண்டூர் சாலை வளைவில் பின் சக்கரம் வழுக்கியது என்றார்கள். பாசி என்றார்கள், மழை என்றார்கள். காற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கல் மாதிரி இறுகின டயர் ஈரச் சாலையைப் பிடிக்காது என்று எனக்குச் சொன்னவனே நீதான். அதனால்தான் போனாயா? இருபத்தெட்டு இருந்திருந்தால் நிமிர்ந்திருப்பாயா? வண்டி சும்மா கிடந்ததில் அந்தக் காற்றும் இறங்கிவிட்டது. இனி யார் அளந்து சொல்வது?

உன் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தேன். அன்றிலிருந்து நஸீமா எதற்கும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். "அண்ணே" என்னும்போதெல்லாம் உள்ளே சுருக்கென்கிறது. புது கேஜ் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, எண்களை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்றும் யோசித்தேன். கடையில் ஒன்றைக் கையில்கூட எடுத்தேன், வெட்கங்கெட்டவன். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது போட் வந்துவிட்டது. ஏறுகிறேன் மச்சான். உன் பழைய கேஜையே அவள் கையில் கொடுப்பேன். அன்று அது எங்கே இருந்தது என்றும் சொல்வேன். அதற்குப் பிறகு என்னை அண்ணே என்பாளா, வெளியே போ என்பாளா, தெரியாது. என்ன சொன்னாலும் சரி, முன்னால் இருபத்தைந்து, பின்னால் அவளுக்கு இருபத்தெட்டு, புள்ளையோடு முப்பத்திரண்டு என்று டயரில் அளந்து காட்டாமல் உன் வாசலை விட்டு நகர மாட்டேன்.

இப்படிக்கு,
இன்றுவரை உன் மச்சான்,
சேகர்