தண்ணீருக்குள் இரண்டு படி

கோல் மார்க்கெட், புது டில்லி
18.10.2002

அன்பு மகள் இளவரசிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி செழியன் மூவரும் சுகம், என் வலது கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் தோல் உரிந்திருப்பதைத் தவிர. அந்த ஊர்க் காற்றில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஈமெயில் போட்டால் ஆபீசில் நாலு பேர் படித்த பிறகுதான் உனக்கு வரும், அதனால் தபால். உன்னைப் புசா ரோடு ஸ்கூலில் தமிழ் படிக்க வைத்ததற்கு இதாவது பிரயோஜனம், தாண்டாமல் படி.

ஞாயிற்றுக்கிழமை போனில், ஒரு கையெழுத்துதானே அப்பா, போட்டுவிட்டு நிம்மதியா இருங்களேன் என்றாய். அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறாள், மீதியைக் கேள். ஹரியானா பக்கம் ஒரு ஏரியில் டூரிஸ்டுகளுக்குப் பன்னிரண்டு பைபர் படகு, ஒவ்வொன்றிலும் நாலு பேர் உட்காருவது, எங்கள் ஆபீஸ் வாங்குகிறது. சோதித்துச் சான்று கொடுக்க வேண்டியவன் நான். வழக்கம் என்ன தெரியுமா, படகை யார்டில் மரக்கட்டை மேல் ஏற்றி வைத்து, பின்பக்க ஏணியை விரித்துத் தொங்கவிட்டு டேப் வைத்து அளந்து, டிக் போட்டுவிட்டு டீ குடிப்பது. இத்தனை வருஷமும் எல்லாப் படகும் தரையிலேயே பாஸ். நான் தண்ணீரில் இறக்கு என்றேன். காண்டிராக்டர் சிரித்தான், விழாமல் உட்காரச் சொல்லுங்க சாப், ஏணியே வேண்டாம் என்று. லைப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டால் அழுக்காகக் கூடாதென்று பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள், சாவிக்காரர் அன்று லீவு. பூட்டை உடைக்கச் சொல்லி ஒன்றை மாட்டிக்கொண்டு பேண்ட் சட்டையோடு நானே குதித்தேன். ஏணி படகுக்குள் மடங்கிக் கிடக்கிறது, அதன் கொக்கி உள்ளே, தண்ணீரில் கிடப்பவன் கைக்கு எட்டாது. தனியாகப் போனவன் விழுந்தால் கதை அங்கேயே முடிந்தது. மேலே இருந்த ஆளை விட்டு ஏணியை இறக்கினேன். கடைசிப் படி தண்ணீருக்குக் கீழே நாலு விரல்தான் இருக்கிறது. அதில் கால் வைக்க முழங்காலை நெஞ்சு வரை தூக்க வேண்டும், தூக்கினால் கால் படகுக்கு அடியில் போகிறது, ஜாக்கெட் மல்லாக்கத் தள்ளுகிறது. மூன்று தரம் பார்த்தேன். மூன்றாவது தரம் தோல் போயிற்று, இரண்டு பேர் பெல்ட்டைப் பிடித்து மூட்டையாக இழுத்துப் போட்டார்கள். நான் தாமிரபரணியில் நீந்திப் பழகியவன், உன்னை இருபத்திரண்டு வயதில் பெற்றவன், இன்னும் கிழவன் ஆகிவிடவில்லை. என்னாலேயே முடியாத ஏணியில் யார் ஏறுவது? இரண்டு படி கூட வை, வெளியிலிருந்து இழுக்க ஒரு கயிறு கட்டு, அலமாரியைத் திற. நான் கேட்டது அவ்வளவுதான்.

மேலதிகாரி ராமமூர்த்தி சார் நம் ஊர்ப் பக்கத்துக்காரர் என்ற உரிமையில் கூப்பிட்டு உட்கார வைத்தார். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று, மந்திரி வருகிறார் என்றார். “ஜோதி, ஸ்பெக் பேப்பர்ல ஏணி வேணும்னு இருக்கு, ஏணி இருக்கு. தண்ணியில எட்டுதான்னு யாருய்யா கேட்டா?” என்றார்.

“விழுந்தவன் கேப்பான் சார்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துவிட்டது, அகர்தலாவுக்கு, ஒன்றாம் தேதி சேர வேண்டும். நீ கையெழுத்துப் போடு என்றாய் அல்லவா, போட்டேன். ‘மூன்று முறை முயன்றும் ஏற முடியவில்லை, படகுகள் தகுதியற்றவை’ என்று எழுதி அதற்குக் கீழே போட்டேன். இனி வேறு எவனாவது சான்று கொடுப்பதானால் என் தாளைத் தாண்டித்தான் கொடுக்க வேண்டும். செழியனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சை முடிகிற வரை இந்த குவார்ட்டர்ஸை விட மாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன், காலி செய்யச் சொல்லி வரட்டும், பார்க்கலாம். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலில் மருந்து போடும்போது, சேலையோட விழுந்திருந்தா நான் ஏறியிருப்பேனா என்று கேட்டாள். மாட்டாய் என்றேன். எழுந்து போய்ப் பரணிலிருந்து என் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தாள். ஆகவே அப்பாவுக்குப் புத்தி சொல்ல இனி இந்த வீட்டில் உனக்குத் துணை கிடையாது.

இப்போது உன் விஷயம். ஆபீஸ் தோழிகளோடு சின்னப் படகில் நிற்கிற போட்டோ அனுப்பியிருந்தாய், அழகாக இருக்கிறாய் என்று அம்மா திருஷ்டி கழித்தாள். நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஜாக்கெட் பட்டை மாட்டாமல் தொங்குகிறது, படகின் பின்பக்கம் ஏணியே தெரியவில்லை. வெளிநாட்டுப் படகு என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்காதே. அடுத்த தரம் கரையோரம், காற்றில்லாத நேரம், இரண்டு பேர் மேலே நிற்க, பட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு நீ தண்ணீரில் இறங்கு. யாரையும் கேட்காமல் உன் கையாலேயே ஏணியை இழுத்து இறக்கி ஏறிப் பார். ஏற முடிந்தது, முடியவில்லை, இரண்டில் ஒன்றை எழுதி இந்த விலாசத்துக்கே அனுப்பு. முடியவில்லை என்றால் அந்தப் படகில் இனிக் கால் வைக்காதே, யார் சிரித்தாலும் சரி.

நெல்லையப்பர் துணையில் நீ நூறு வருஷம் நன்றாக இரு. அம்மாவின் ஆசியும் இதோடு சேர்த்தி. எழுதும் தாளில் கீழே கையெழுத்துப் போட மறக்காதே.

உன் அப்பா,
ஜோதிலிங்கம்