வியாழக்கிழமை அறை

ஜனவரி 11, வியாழன்
மாவட்டத்திலிருந்து வரும் மனநல ஆலோசகர் உக்னே, எங்கள் ஊராட்சி அலுவலகத்தின் கடைசி அறையில் இன்றும் ஈ ஓட்டிவிட்டுப் போனாள். ஆறாவது வாரம். ஒருவரும் வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனசு சரியில்லாமல் போக நேரம் ஏது? பனி அள்ளவே பொழுது சரியாக இருக்கிறது. அறையைப் பாட்டுக் குழுவுக்குக் கொடுத்துவிடலாம் என்று, ஊராட்சித் தலைவி என்ற முறையில், மேலிடத்துக்கு எழுதப்போகிறேன்.

ஜனவரி 16
இருப்புக்கொள்ளவில்லை. ஒரே ஃபைலை மூன்று முறை திறந்து மூடினேன். ஏன்?

ஜனவரி 18, வியாழன்
பனி அள்ளும் வண்டி ஓட்டும் ஸ்தாசிஸ் வந்தான். செயலாளர் தங்குவோலேயின் மேசை முன்னால் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். அவளிடமுள்ள பதிவேட்டில் பெயரும் வந்த காரியமும் எழுதிவிட்டுத்தான் எவரும் உள்ளே போகலாம். தலைநகர் வில்னியஸ் கேட்ட விதி இல்லை, நான் போட்டது.
"தலைவரம்மா, பின்கதவு தொறந்திருக்கா?"
"பின்கதவு எதுக்குடா? திருட வந்தியா?"
சிரித்தான். "சும்மா கேட்டேன். பனி உருக ரோட்டுக்குப் போடுற உப்பு தீந்துபோச்சுன்னு சொல்ல வந்தேன்."
போய்விட்டான். கொட்டகையில் உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

ஜனவரி 20
ஸ்தாசிஸ் உயிரை விடப் பார்த்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி பார்த்ததால் பிழைத்தான்.
திருட வந்தியான்னு கேட்டேனே. என் நாக்கு அழுகிப் போக.

ஜனவரி 22
தங்குவோலேயிடம் கேட்டேன், ஏன் ஒருவரும் வருவதில்லை என்று.
"எப்படி வருவாங்க? இங்க எழுதுறாங்க, சாயங்காலம் கடையில என் நாத்தனாரே கேக்குறா, யாரு வந்தான்னு."
திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது? பதிவேட்டை அடுப்பில் போட்டேன்.

ஜனவரி 23
ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் கொண்டுபோனேன். "வண்டியை யாரு ஓட்டுறா? கிளட்ச் இழுக்கும், பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்றான் ஸ்தாசிஸ்.
"பின்கதவைத் தொறந்து வெச்சுட்டேன்டா."
"அந்தப் பக்கம் பனி அள்ளுறதில்லையே, தலைவரம்மா. காலடி அப்படியே தெரியும்."
எனக்கு இது தோன்றவே இல்லை. வழியெல்லாம் அழுதேன்.

பிப்ரவரி 1, வியாழன்
ஓய்வூதியம் வாங்க ஊரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம். எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் உக்னேகிட்ட போறேன்" என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியே நடந்தேன். ஊருக்குக் காட்டத்தான். பத்து நிமிடம் ஏதாவது பேசிவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைப்பு. எப்படி இருக்கிறீர்கள் என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.
வெளியே வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முகம் வீங்கியிருந்தது. அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறாள் என்றேன் தங்குவோலேயிடம், பதினொரு மணியை எனக்கு ஒதுக்கு என்று.
அவள் தலை நிமிரவில்லை. "பத்து மணிய ஸ்தாசிஸ் போன் பண்ணிக் கேட்டுட்டான். பதினொண்ணு எனக்கு. நீங்க பன்னெண்டு எடுத்துக்கோங்க."